சிறுவாணிக்குச் சாட்சி தேடிய சனிக்கிழமை

கோயமுத்தூர்க்காரர் யாரிடமாவது ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "சிறுவாணிங்க. உலகத்துலயே ரெண்டாவது ருசியான தண்ணி" என்று உடனே பதில் வரும். வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊட்டியை இழுப்போம், தண்ணீர் என்று வந்தால் சிறுவாணியை இழுப்போம். இந்த இரண்டு விஷயத்திலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடக்கம் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் முதுகலைப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சமும் கிடையாது. அதனால்தான் கோவையின் குடிநீரைப் பற்றி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், சிறுவாணி நீர் சுவையில் உலகிலேயே இரண்டாவது என்பதையே முதல் வரியாக வைத்தேன்.

அந்தக் கட்டுரையை மதுரையில் நடக்கவிருந்த ஒரு மாணவர் கருத்தரங்கில் படிக்க வேண்டும். எங்கள் துறையிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம், அது நான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பழனியைத் தாண்டி அதுவரை நான் எங்கும் போனதில்லை. அப்பாவை நச்சரித்து நச்சரித்துச் சம்மதம் வாங்கி, புதுச் சுடிதார் தைக்கக் கொடுத்து, மதுரையில் எந்தத் தெருவில் என்ன வாங்குவது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன். மேடையில் நின்று மைக்கில் பேசப்போகிறவள் நான் என்பதை எங்கள் ஊர் டவுன் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியப்படுத்தியாகிவிட்டது.

வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார் பேராசிரியர். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாமிரபரணியில் முங்கி எழுந்து வளர்ந்தவர். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, இத யாரு சொன்னா?"

"எல்லாருமே சொல்றாங்க சார்."

"ரெண்டாவதுன்னா மொதல் எது?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் வகுப்புக்குத் தெரிந்திருந்தது. நைல் என்றான் ஒருவன். சுவிட்சர்லாந்தில் ஏதோ ஒரு ஏரி என்றாள் ஒருத்தி. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், உங்கள் தாமிரபரணிதான் சார் என்று ஐஸ் வைத்தான். பேராசிரியர் சிரித்தார், ஆனால் அந்தக் கடைசிப் பதிலை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பிறகு, கட்டுரை நன்றாயிருக்கிறது, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடு, மிச்சமெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

புத்தியுள்ள எவளும் சரிங்க சார் என்று சொல்லி உட்கார்ந்திருப்பாள். நான் அடிக்க மாட்டேன் என்றேன். அது பொய் இல்லை, ஆதாரம் கொண்டு வருகிறேன் என்றேன். பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அவருக்கும் என்னைப் போலவே ஒரு பிடிவாதம் உண்டு, அது அன்று தெரிந்தது.

"சரி. ஒரு புஸ்தகம், ஒரு பக்கம். அச்சுல காட்டு, போதும். சனிக்கிழம சாயந்தரம் ஆபீஸ் மூடுறதுக்குள்ள பேர எழுதித் தபால்ல போடணும். அதுக்குள்ள கொண்டாந்தா நீ போற. இல்லன்னா அவன் போட்டும்."

அவன் என்றது முதல் பெஞ்சுக்காரனை. ஈரோட்டு மஞ்சள் சந்தையைப் பற்றி முத்து முத்தான கையெழுத்தில் கட்டுரை எழுதி வைத்திருந்தான். அவன் திரும்பி என்னை இரக்கத்தோடு பார்த்தான். அவன் கேலியாகப் பார்த்திருந்தால்கூட எனக்கு அத்தனை எரிச்சல் வந்திருக்காது.

சனிக்கிழமை காலையில் என்னோடு இரண்டு தோழிகள் கிளம்பினார்கள். ஒருத்தி கொடுமுடிக்காரி, விடுதியில் தங்கிப் படிப்பவள். காவிரிக் கரையில் பிறந்தவளுக்குச் சிறுவாணி ஒரு வாய்க்கால் மாதிரி. நான் தோற்பதை நேரில் பார்க்கவே வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் படிப்பதில் அவளைப் போல நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. மற்றவள் கோட்டைமேட்டுக்காரி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா அங்கே அத்தர் கடை வைத்திருந்தார். அவளால் யாரிடமும் எதையும் பேசிக் கேட்டு வாங்கிவிட முடியும். பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் மகள் கல்யாணம் வரைக்கும் விசாரித்துவிடுவாள். புத்தகம் தேட ஒருத்தி, ஆளைத் தேட ஒருத்தி, சண்டை போட நான். படை சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நிறைவாக இருந்தது.

முதலில் மைய நூலகம். குறிப்புதவிப் பிரிவில் இருந்தவரிடம் சிறுவாணி இரண்டாவது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். இந்த ஊர்தான் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டார். நாளைக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதற்கும் புத்தகம் கேட்பாய் போலிருக்கிறதே என்றார். நானும் இரண்டு நாள் முன்பு அப்படித்தான் பேசியிருப்பேன். அன்று அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது.

பழைய மாவட்ட விவரணங்கள், அணை கட்டிய கதைகள், சுற்றுலாக் கையேடுகள் என்று மேசை நிறைய இறக்கினோம். கொடுமுடிக்காரி பக்கம் பக்கமாகப் படித்தாள். நான் அட்டவணையில் மட்டும் விரலை ஓட்டினேன், எனக்கு அவ்வளவுதான் பொறுமை. மழை எவ்வளவு பெய்கிறது, குழாய் எத்தனை தடிமன், எந்தத் துரை எப்போது வந்து மலையைப் பார்த்தார் எல்லாம் இருந்தது. ருசியைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இல்லை. இருந்த இரண்டு கையேடுகளிலும் அப்படிச் சொல்வதுண்டு என்று முடித்திருந்தார்கள். யார் சொல்வதுண்டு, எங்கே சொல்வதுண்டு என்பதெல்லாம் இல்லை. கொடுமுடிக்காரி ஒவ்வொரு புத்தகத்தையும் மூடும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். அவளை என்ன செய்தால் தகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டைமேட்டுக்காரிக்கு உட்காரப் பிடிக்கவில்லை. செய்தித்தாள் கூடத்துக்குப் போய், படித்துக்கொண்டிருந்தவர்களிடம் மெல்லக் கேட்க ஆரம்பித்தாள். "ஏனுங்க, சிறுவாணி ரெண்டாவதுன்னா மொதலாவது எதுங்க?" இந்த ஒரு கேள்விதான். முதலில் கேட்டவர் நைல் என்றார். அவருக்கு எதிரே இருந்தவர் செய்தித்தாளை இறக்கி, நைல் கலங்கல் தண்ணீர், அதை யார் குடிப்பார்கள் என்றார். கங்கை என்றார் இன்னொருவர். கங்கையைப் புண்ணியத்துக்குக் குடிப்பது, ருசிக்கு இல்லை என்று ஒரு குரல் வந்தது. ரஷ்யா என்றார் ஒருவர், அவர் தோளில் சிவப்புத் துண்டு இருந்தது. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க இதுதான் பேச்சு. ஒருவர் எழுந்து நின்று, சிறுவாணிதான் முதலாவது, நாம் தன்னடக்கத்தால் இரண்டாவது என்று சொல்லிக்கொள்கிறோம் என்றார். அதற்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.

கைதட்டல்தான் வினையாகிவிட்டது. குறிப்புதவிக்காரர் ஓடி வந்தார். இத்தனை வருஷத்தில் இந்தக் கூடத்தில் இப்படிச் சத்தம் வந்ததில்லை என்றார். சத்தம் போட்டவர்களை விட்டுவிட்டு எங்கள் மூன்று பேரையும் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார். எங்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவோம், வெளியில் தமிழ். கோபம் வந்தால் மட்டும் எனக்குத் தெலுங்கு தானாக வந்துவிடும். வாசற்படியில் நின்று கொஞ்சம் பேசினேன். அவருக்குப் புரியாதது அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

அப்போது அந்தத் தன்னடக்கப் பேச்சுக்காரர் எங்கள் பின்னாலேயே வெளியே வந்தார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆதாரம்தானே வேண்டும் என்றார். அவர்கள் ஆலையின் வெள்ளி விழாவுக்கு ஒரு மலர் போட்டார்களாம். அதில் இந்த விஷயம் அச்சில் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாராம். ஆலைத் தொழிலாளர் சங்கப் படிப்பகத்தில் அலமாரிக்குள் அந்த மலர் இன்னும் இருக்கும் என்றார். நான் கொடுமுடிக்காரியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு இப்போது சிரிப்பு இல்லை.

சிங்காநல்லூருக்கு உக்கடம் போய் பஸ் மாற வேண்டும். உக்கடம் வரை போய்விட்டு எங்கள் ஊட்டில் சாப்பிடாமல் போனால் அம்மா என்னைக் கொன்றுபோடும் என்றாள் கோட்டைமேட்டுக்காரி. சந்துக்குள் நுழையும்போதே மசாலா வாசம். அன்று குழாயில் தண்ணீர் விட்ட நாள், சந்து நெடுகிலும் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அவளுடைய அம்மா நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல பிரியாணியை அள்ளி வைத்தார். நாங்கள் எதற்காக அலைகிறோம் என்று கேட்டுவிட்டு, அவருக்கு ஒன்றும் விளங்காமல் மகளைப் பார்த்தார். இப்போதுதான் பிடித்த தண்ணீர், நீங்களே குடித்துச் சொல்லுங்கள் என்று ஆளுக்கொரு சொம்பு நீட்டினார். கொடுமுடிக்காரி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பரவாயில்லை என்றாள். பரவாயில்லையாம். நான் சொம்பைக் காலி செய்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.

சங்கப் படிப்பகம் ஒரு ஓட்டுக் கட்டடம். உள்ளே நாலைந்து பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெண் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றதும் பீடிகள் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகப் பறந்தன. அந்தப் படிப்பகத்துக்குப் பெண்கள் வந்து அவர்கள் பார்த்ததே இல்லையாம். ஒருவர் லுங்கியை இறக்கிவிட்டு எழுந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆரைப் பாக்கோணும்?"

மலரைப் பார்க்கோணும் என்றாள் கோட்டைமேட்டுக்காரி. மலர் என்கிற பெயரில் இங்கே யாரும் இல்லை என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன், நல்லவேளை, அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சாவி செயலாளரிடம் இருக்கிறது, செயலாளர் டீக்கடையில் இருக்கிறார் என்றார். ஆள் போயிற்று. செயலாளர் வந்தார். எங்கள் கல்லூரி அடையாள அட்டைகளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். நிர்வாகத்திலிருந்து உளவு பார்க்க வந்திருக்கிறோமோ என்று அவருக்குச் சந்தேகம். கோட்டைமேட்டுக்காரி அவரிடம் போனஸ் பேச்சுவார்த்தை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரித்தாள். அதன் பிறகு அலமாரி திறந்தது, எங்களுக்கு டீயும் வந்தது.

மலர் தடிமனாக இருந்தது. பாதிக்கு மேல் விளம்பரங்கள். மோட்டார் பம்பு, நூல் கடை, வேட்டி, பாத்திரம், எல்லாரும் ஆலைக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். நடுவில் கோவையின் பெருமைகள் என்று ஒரு கட்டுரை. நான் விரலை ஓட்டினேன். இருந்தது. சிறுவாணி, உலகில், இரண்டாவது, எல்லாம் அச்சில், கறுப்பு மையில் இருந்தது. நான் கத்திவிட்டேன். கேரம் ஆடியவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும், இதுதானா, இதை எங்களிடமே கேட்டிருக்கலாமே என்றார்கள். நான் மனசுக்குள் மதுரைக்குப் போய் இறங்கிவிட்டேன்.

"அந்த வரி மேல ஒரு சின்ன நட்சத்திரம் போட்டிருக்குது பாரு" என்றாள் கொடுமுடிக்காரி.

பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. இந்தத் தகவல் இன்ன கல்லூரியின் ஆண்டு மலரில் விரிவாக வந்திருக்கிறது என்று போட்டிருந்தது. அது எங்கள் கல்லூரி. பேராசிரியர் அந்த நட்சத்திரத்தைப் பார்க்காமல் விடமாட்டார் என்று கொடுமுடிக்காரி சொன்னாள். பார்த்தால் பார்க்கட்டும், அவர் கேட்டது ஒரு புத்தகம் ஒரு பக்கம்தானே என்றாள் கோட்டைமேட்டுக்காரி. எனக்கோ உள்ளூர இரட்டிப்புச் சந்தோஷம். ஒரு புத்தகத்துக்குப் பதில் இரண்டு புத்தகம், அதிலும் ஒன்று அவர் சம்பளம் வாங்கும் கல்லூரியின் சொந்த மலர். அதை அவர் மூக்கின் கீழ் நீட்டுகிற அழகை நினைத்து நினைத்துப் பார்த்தேன். செயலாளர் மலரை யாரிடமும் தரமாட்டேன் என்றார். தானே அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு ஜெராக்ஸ் கடை வரை நடந்து வந்து, நகல் எடுத்ததும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

சிங்காநல்லூரிலிருந்து கல்லூரிக்குப் பஸ் வர நேரமாயிற்று. நாங்கள் கல்லூரி நூலகத்துக்குள் ஓடும்போது பாதி விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை சீக்கிரமே மூடிவிடுவோம், திங்கட்கிழமை வாருங்கள் என்றார் நூலகர் அம்மா. திங்கட்கிழமைக்குள் அவன் பெயர் மதுரைக்குப் போய்விடும் அம்மா என்று ஏறக்குறைய அழுதேன். அழுவது எனக்குப் பழக்கம் இல்லை, ஆனால் தேவைப்பட்டால் வரும். பழைய மலர்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்த அலமாரியைக் காட்டிவிட்டு, சித்தெ நேரம்தான் என்று சொல்லி அவர் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார்.

எங்கள் மலரிலும் கட்டுரை இருந்தது. வரியும் இருந்தது. வரியின் மேலே நட்சத்திரமும் இருந்தது. கொடுமுடிக்காரி அடிக்குறிப்பை மெதுவாகப் படித்தாள். ஆலையின் வெள்ளி விழாவுக்கு வெளிவரப்போகும் மலரில் இது ஆதாரத்தோடு எழுதப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. அவள் ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்து, இரண்டு கட்டுரைகளின் தலையிலும் இருந்த எழுதியவர் பெயரை விரலால் காட்டினாள். இரண்டும் ஒரே ஆள். அங்கே கேட்டால் இங்கே போ என்கிறான், இங்கே வந்தால் அங்கே போ என்கிறான். தன் பேச்சுக்குத் தானே சாட்சி சொல்லிவிட்டு, எந்தக் கவலையும் இல்லாமல் போய்விட்டிருக்கிறான் அந்த மனுஷன்.

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அது பெரிதாயிற்று. கோட்டைமேட்டுக்காரி அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூலகர் அம்மா எங்களை வெளியே போகச் சொன்னார். ஒரே நாளில் இரண்டு நூலகங்களிலிருந்து துரத்தப்பட்டவர்கள் எங்கள் துறையில் அதற்கு முன் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பாவம், அந்தப் பக்கத்தை மட்டும் அவரே நகல் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்.

வெளியே வேப்ப மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். துறை அலுவலகத்தில் விளக்கு எரிந்தது, பேராசிரியர் உள்ளே இருந்தார். கோட்டைமேட்டுக்காரிக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அச்சில் காட்டினால் போதும் என்றுதான் அவர் சொன்னார், இப்போது இரண்டு அச்சு இருக்கிறது, கொடுத்துவிட்டு மதுரைக்குக் கிளம்பு என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நிபந்தனைப்படி நான் ஜெயித்துவிட்டேன். அடிக்குறிப்பை மறைத்து நகல் எடுத்தால்கூட யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

ஆனால் எனக்குக் கால் எழவில்லை. காரணம் பெரிய நேர்மை எதுவும் இல்லை, எரிச்சல்தான். காலையிலிருந்து சொல்வதுண்டு, சொல்வதுண்டு என்று எழுதி வைத்தவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே அலைந்திருந்தேன். இந்த வரியை நான் மதுரையில் படித்தால், அது அங்கே ஒரு மலரில் அச்சாகும். அதன் கீழே என் பெயர் இருக்கும். பத்து வருஷம் கழித்து எவளாவது ஒருத்தி என்னைப் போலவே பிடிவாதக்காரி வெயிலில் அலைந்து அந்தப் பக்கத்துக்கு வந்து சேருவாள். அவள் என்னைத் திட்டப்போகும் திட்டு எனக்கு அப்போதே காதில் விழுந்தது. அவளுக்குத் தெலுங்கும் தெரிந்திருந்தால் தீர்ந்தது.

"நீ எதுக்கு புள்ள இந்தத் தண்ணிக்கு இப்பிடி மல்லுக்கட்டற?" என்று கேட்டாள் கொடுமுடிக்காரி. கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். "உங்க ஊட்டுக்குச் சிறுவாணி வருதா?"

இல்லை. வந்ததே இல்லை. அதை அதுவரை கல்லூரியில் யாரிடமும் நான் சொன்னதில்லை. அன்னூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். சோப்பு நுரைக்காது, தலைக்குக் குளித்தால் முடி கயிறாகிவிடும். துவரம்பருப்பை அடுப்பில் வைத்தால் விறகு தீருமே தவிரப் பருப்பு வேகாது. அப்பா டவுனுக்குப் போனால் உக்கடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிளாஸ்டிக் கேன் நிறையச் சிறுவாணி பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். அந்தத் தண்ணீரை அம்மா எங்களைக் குடிக்க விடமாட்டாள். ஒறம்பரை வந்தால் அவர்களுக்குப் பருப்பு வேகவைக்க அதை மூடி வைத்திருப்பாள். விருந்தாளிகள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, கேனின் அடியில் மிச்சமிருப்பதை நானும் தம்பியும் டம்ளரில் ஊற்றிக் குடிப்போம். அப்போது அம்மா சொல்வாள், உலகத்திலேயே இரண்டாவது தண்ணீர், சிந்தாமல் குடியுங்கள் என்று. அம்மா சொன்னதை ஒரு வெளியூர் வாத்தியார் வந்து அடிக்கச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

இதையெல்லாம் அவர்கள் இருவரிடமும் அந்தச் சிமெண்டு பெஞ்சில் வைத்துச் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, முடிக்கும்போது இல்லை. கொடுமுடிக்காரி பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இதையே எழுதிப்போடு" என்றாள்.

முதல் வரியை அடித்தேன். பேராசிரியர் சொன்னபோது அடிக்க முடியாத வரி, இப்போது சுலபமாகப் போயிற்று. அதன் மேலே புதிதாக எழுதினேன்: எங்கள் ஊரில் துவரம்பருப்பு வேகாது.

துறை அலுவலகத்துக்குள் போனபோது பேராசிரியர் மேசையில் உறையும் பசையும் தயாராக இருந்தன. பெயர் எழுத வேண்டிய தாள் அவர் முன்னே விரித்து வைக்கப்பட்டிருந்தது, இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. இரண்டு நகல்களையும் வைத்தேன். புத்தகம் இருக்கிறது, பக்கம் இருக்கிறது, ஆனால் எழுதியவர் இரண்டிலும் ஒருவரே, அதனால் இது ஆதாரம் இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். தோற்றதாகச் சொல்கிறவளின் குரல் மாதிரி அது இல்லை என்று கோட்டைமேட்டுக்காரி பிற்பாடு சொன்னாள். அவள் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டு அடிக்குறிப்புகளையும் படித்தார். உதடு துடித்தது, சிரிக்கவில்லை. பிறகு என் கட்டுரையின் முதல் தாளை எடுத்தார். அடித்த வரியைப் பார்த்தார், மேலே இருந்த வரியைப் பார்த்தார். அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். இதற்குப் பிறகு வருவதையெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருக்குமே என்றார். எழுதிவிடுவேன் என்றேன். தண்ணீர் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்றுதான் இனி கட்டுரை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அந்த முதல் வரியின் மேல் விரலை வைத்தார்.

"சரி, இதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"எங்க ஊட்டுப் பருப்புங்க சார். நீங்க எப்ப வேணாலும் வந்து வேக வெச்சுப் பாக்கலாமுங்க."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து நேராக வைத்துக்கொண்டார்.

"உன் இனிஷியல் என்னம்மா?" என்றார்.